கொட்டையெழுத்தும் கல்வெட்டும்

"கொட்டையெழுத்தில் எழுதிக் கிடக்கிறதே, கண்ணிற் படவில்லையா?" என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. தவறவிடத் தகாத செய்தியைப் பருமனாகவும் தடிப்பாகவும் எழுதுதல் என்றுமுள்ள வழக்கமென நாம் எண்ணுகிறோம். ஆயின், அச்சிலே அவ்வழக்கம் தோன்றியதற்கு ஒரு காலமும் காரணமும் உண்டு. தமிழுக்கு அது வந்து சேர்ந்த வழியும் வேறு. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, வன்னி நாட்டிலே அவ்வெழுத்து எதற்குப் பயன்பட்டதென்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமரின் கல்லெழுத்துகளிலே கோடுகளின் முனையிற் குறுக்காக ஒரு சிறுகோடு நீண்டிருக்கும். தூரிகையால் எழுதிப் பின் உளியால் வெட்டியமையால் அது தோன்றியதென்பர் ஆராய்ச்சியாளர் சிலர். இம்முனைக்கோடு ஐரோப்பிய அச்செழுத்துக்கும் உரியதாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலே பார்மா நகரிலிருந்த போடோனி (1740–1813) தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேற்றுமையை மிகுவித்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனிலே வாணிகம் பெருகியது. சுவர்தோறும் விளம்பரங்கள் ஏறின. கையிலெடுத்து வாசிக்கும் நூலுக்கமைந்த எழுத்து, வழியே நடந்து செல்வோனை நிறுத்த வல்லதன்று. ஆகவே றொபேட் தோண் முதலிய வார்ப்பாளர் எழுத்தின் தடித்த கோடுகளை மேலும் பருக்கச் செய்தனர். தோண் நடத்திய வார்ப்பகமே, பின்னர் றொபேட் பெஸ்லியின் காலத்தில், 1845இல் 'கிளாரண்டன்' என்னும் தடித்த எழுத்தை வெளியிட்டது. அது சாதாரண எழுத்தின் பக்கத்திலே ஒரே வரியில் நிற்கத் தக்கதாய் அமைந்தமையால் அகராதிகளிலே தலைச்சொல்லைக் காட்ட உதவியது. எனவே கொட்டையெழுத்தின் பணி இரண்டாகும்: சுவரிலே நின்று அழைத்தல் ஒன்று, நூலினுள்ளே நின்று தேடுவார்க்கு வழிகாட்டல் மற்றொன்று.

இனித் தமிழை நோக்குவோம். ஓலையிலே எழுத்தாணி கீறிய கோடு பெரும்பாலும் ஒரே தடிப்பினது. ஓலை கிழியுமென்றஞ்சிப் புள்ளியையுங்கூடப் பெரும்பாலும் விட்டெழுதினர். ஆதலின் ஏட்டுத் தமிழுக்கு முனைக்கோடுமில்லை, கொட்டையெழுத்துமில்லை. 1578இல் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியதோடு தமிழெழுத்து உலோகத்துக்கு மாறியது. பின்னர், தரங்கம்பாடி மிஷனரிமாருக்காக ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்த்தனுப்பிய எழுத்துகள் பெரியனவாயிருந்தமையாற் கடதாசி மிகச் செலவாயிற்று. அதனாற் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டு, 1714–1715இல் புதிய ஏற்பாடு அவற்றால் அச்சிடப்பட்டது. இது சிக்கனம் பற்றிய செய்தி மட்டுமன்று. எல்லாம் பெரிதாயின் எதுவும் பெரிதன்று. சிற்றெழுத்து உண்டான பின்னரே பேரெழுத்துக்குப் பொருள் உண்டாகும்.

தமிழெழுத்தைத் தடிப்பாக்குதல் எளிதன்று. ஆங்கில எழுத்திற் பலவற்றுக்குக் கண் ஒன்றே; சிலவற்றுக்கு அதுவுமில்லை. நம் 'ண', 'இ', 'ஞ', 'ஐ' போல்வனவோ சுழிமேற் சுழியுடையன. கோடு தடிக்குந்தோறும் சுழியின் கண் அடைபடும். மட்டமான கடதாசியில் மை பரந்தால் எழுத்து ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் மெய் உயிர்மெய்யாகிப் பெயரே பிழைபடும். ஆகவே நேர்கோட்டைப் பருக்கவிட்டுச் சுழியை மெலிதாக வைத்தல், எழுத்தை அகலித்தல் என்பன வேண்டப்படும். இன்று கணினியில் ஒரு விசையை அழுத்தியவுடன் எழுத்துத் தடிக்கிறது. ஆயினும் இவ்விதி மாறவில்லை.

யாழ்ப்பாணத்திலே 1841இல் 'உதயதாரகை' தமிழும் ஆங்கிலமும் தாங்கி வெளிவந்தது. ஆறுமுக நாவலர் 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அச்சுத்தொழில் பரவப் பரவ, நூலுக்கு அப்பாற்பட்ட சிறு வெளியீடுகளும் பெருகின. வன்னியிலே கோயிற் பொங்கல் அறிவித்தலும், கும்பாபிஷேக விஞ்ஞாபனமும், மரண அறிவித்தலும் கொட்டையெழுத்தைத் தாங்கி ஊரூராகச் சென்றன. இவற்றுள் நம் கருத்துக்கு முதன்மையானது, 31ஆம் நாட் கிரியையின்போது வழங்கப்படும் நினைவு மலராகும். அதனை நம்மவர் 'கல்வெட்டு' என்பர். முகப்பிலே கொட்டையெழுத்தில் இறந்தவர் பெயர். உள்ளே திதி வெண்பா, வமிசவரலாறு, புலம்பல், தேவாரம். கடதாசியிலான ஒன்றுக்குக் கல்வெட்டென்று பெயரிட்டமை, அழியாதிருக்க வேண்டுமென்னும் ஆசையைப் புலப்படுத்துகிறது.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவிலே, 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேக் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தாரென்று ஆங்கிலத்தில் அறிவித்த கல்லொன்று நின்றது. வென்றவர் வெட்டிய அக்கல்லிலே வன்னியனின் பெயர், தோற்றவனின் பெயராகவே நின்றது. நம் கமக்காரரும் வைத்தியரும் ஆசிரியரும் தம் மக்கள் விரும்பிய வண்ணம் பெயர் பொறிக்கப்பெற்றது கடதாசிக் கல்வெட்டிலேதான். அரசாங்க ஏடுகள் நிலத்தையும் வரியையும் கூறும். யார் எவ்வூரிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறினார், எக்குளத்தின்கீழ் விதைத்தார் என்பவற்றை இச்சிறு மலர்களிலேயே பெரிதும் காணலாம்.

2009ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே எம் வீட்டுப் பெட்டகத்தோடு எம் பாட்டனாரின் கல்வெட்டும் போயிற்று. முகப்பிலிருந்த அவர் பெயரின் பருத்த எழுத்துகள் இன்றும் எம் கண்முன் நிற்கின்றன. உள்ளே சிற்றெழுத்திலிருந்த அவர் முன்னோரின் பெயர்களோ நினைவில் இல்லை. கொட்டையெழுத்து அழைத்தது, யாம் அவ்வழைப்போடு நின்றுவிட்டோம், உட்புகுந்து படித்தோமல்லோம். எம்போல் இழந்தோர் வன்னியிலே பலர்.

ஆயினும் கல்வெட்டு பல பிரதிகளாக அச்சிடப்பட்டு உற்றார் உறவினர்க்கு வழங்கப்படுவது. இங்கே அழிந்ததன் மறுபிரதி வேறோர் ஊரிலோ கடல் கடந்த நாட்டிலோ ஒரு சுவாமி அறையில் இருத்தல் கூடும். மாணவர் தத்தம் உறவினரிடம் கேட்டு ஆளுக்கொன்று தேடிக் கொணர்ந்து, படியெடுத்துக் கல்லூரி நூலகத்தில் வைப்பாராயின், வன்னியின் குடிவரலாற்றுக்கு அதுவே முதற் சான்றுத்தொகுதியாகும். முகப்புப் பெயரை மட்டும் குறித்து வையாது, உள்ளேயுள்ள சிற்றெழுத்தையும் முற்றப் படித்தல் நம் கடன்.