நீரிறைக்கும் இயந்திரத்தில் புகைக்கசிவு: கண்டறிவதும் திருத்துவதும்

தோட்டக் கிணற்றடியில் நிற்கும் நீரிறைக்கும் இயந்திரம் திடீரென ‘டிக் டிக்’ என்று அடிக்கத் தொடங்கினால், சத்தம் கூடிவிட்டது என்று மட்டும் எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் புகை வெளியேறும் வழியில் ஏற்பட்ட கசிவின் அடையாளம். எரிந்த வாயு சைலன்சரின் வாயால் போகாமல் இடையிலேயே வெளியேறுகிறது என்பதே அதன் பொருள்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் இயந்திரங்களை ஓட்டியவர்கள் நாம். கையில் கிடைத்ததைக் கொண்டு ஒட்டிச் சமாளிக்கும் பழக்கம் அன்று குடும்பங்களைக் காப்பாற்றியது. புகைக்கசிவில் மட்டும் அந்தப் பழக்கம் உதவாது.

எங்கே கசியும்?

இயந்திரத் தலையில் சைலன்சர் பொருத்தப்படும் இடத்தில் ஒரு கஸ்கெட் இருக்கும். சூடேறி ஆறும்போது நட்டுகள் தளர்ந்து, கஸ்கெட் கருகிப் போகும். அதிகக் கசிவு இங்கேதான். அடுத்தது சைலன்சரின் ஒட்டுத் தையல். மூன்றாவது, துருப்பிடித்து ஓட்டை விழுந்த அடிப்பகுதி.

கண்டறியும் முறை

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பொருத்தின் ஓரத்தில் விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருந்தால் கசிவு அந்த இடத்தில்தான். பின்னர் வெட்டவெளியில் இயக்கிக் கேளுங்கள். தொடக்கத்தில் கூர்மையாகக் கேட்டு, சூடேறியதும் குறையும் சத்தம் பொருத்தில் கசிவைக் காட்டும். உலோகம் விரிந்து இடைவெளியை ஓரளவு அடைப்பதால் அது குறைகிறது.

உறுதிப்படுத்த, இயந்திரத்தை நிறுத்தி முற்றாக ஆறவிடுங்கள். தொடக்கும் கயிற்றை மெதுவாக இழுத்து, இறுக்கம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தினால் வால்வுகள் மூடியிருக்கும். சைலன்சரின் வாயைத் துணியால் சுற்றி, சைக்கிள் பம்மால் மெதுவாகக் காற்றடித்துக்கொண்டு பொருத்துகளில் சவர்க்கார நீர் பூசுங்கள். குமிழி வரும் இடமே கசிவு. ஓடும் இயந்திரத்தில் கையை வைத்துத் தேட வேண்டாம்.

திருத்தும் முறை

நட்டுகள் தளர்ந்திருந்தால், இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் பொருத்து சாய்ந்துவிடும். துருப்பிடித்த நட்டைப் பலவந்தமாகத் திருகாமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

கஸ்கெட் கருகியிருந்தால் புதிதே தேவை. இரு முகங்களிலும் ஒட்டியுள்ள பழைய கரியைச் சுரண்டி, அடிமட்டம் ஒன்றை வைத்து முகம் வளைந்துள்ளதா எனப் பாருங்கள். காட்போட் மட்டை எரிந்துவிடும். அஸ்பெஸ்டோஸ் கயிறு சுற்றுவது நுரையீரலுக்குக் கேடு. புதிய கஸ்கெட்டுடன் ஒரு தடவை ஓட்டி, ஆறிய பின் நட்டுகளை மீண்டும் சரிபாருங்கள்.

ஓட்டை என்றால் சைலன்சரைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். எரிபொருள் தாங்கி அருகில் இருக்கும்போது வெல்டிங் செய்யக்கூடாது. தகடு மெலிந்து உதிர்ந்தால் சைலன்சரையே மாற்றுவது மலிவு. பல இயந்திரங்களில் தாங்கியும் எரிபொருள் குழாயும் சைலன்சருக்கு அருகிலேயே இருப்பதால், கசியும் சூட்டு வாயு அவற்றைச் சுட்டுத் தீப்பிடிக்கவும் வைக்கலாம்.

திருத்தினாலும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள்

மேலே வைத்த இயந்திரம் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சத் திணறும். அதனால் கோடையில் நீர் மட்டம் இறங்கும்போதும், கிணறு இறைத்துத் துப்புரவு செய்யும்போதும் சிலர் இயந்திரத்தையே உள்ளே இறக்குகிறார்கள். கசிவே இல்லாத இயந்திரமும் புகையைக் கிணற்றுக்குள்தான் விடுகிறது. அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. அது குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைகிறது. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, கால் சோர்வு என்று தொடங்கி, ஏணியில் ஏற முடியாமல் ஆளை விழுத்திவிடும்.

விளக்கை இறக்கிப் பார்ப்பது இங்கே போதாது. ஒட்சிசன் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆளைக் கொல்லக்கூடிய அளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் அது எரிந்துகொண்டிருக்கும். சைலன்சரில் குழாய் மாட்டிப் புகையை மேலே விடுவதும் பாதுகாப்பல்ல; அந்தக் குழாயின் ஒவ்வொரு பொருத்தும் புதிய கசிவு இடம். நீர் எட்டாவிட்டால், ரிப் சுவிட்ச் பொருத்திய இணைப்பில் நீர்மூழ்கி மின்பம்பியைப் பயன்படுத்துங்கள். அது ஓடும்போது எவரும் நீருக்குள் இறங்கக்கூடாது.

உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் இறங்கவே கூடாது. ஒரே கிணற்றில் இரண்டாவது, மூன்றாவது உயிரும் போவது அப்படித்தான். நினைவிருந்தால் கயிற்றை எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வெளியே எடுத்ததும் நல்ல காற்றில் கிடத்துங்கள். மூச்சு இல்லாவிட்டால் செயற்கைச் சுவாசம் கொடுங்கள். எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, இயந்திரப் புகையைச் சுவாசித்தவர் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.