எட்டாம் வகுப்பு, இரண்டு தடவை ஜெயில், ஒரு கதவு: இடைசெவல் கி.ரா.

ஆபீஸ்ல லீடர்ஷிப் டிரெய்னிங்னு உட்கார்ந்து எழுந்தவங்க எல்லாருக்கும் இந்த அறிவுரை பழக்கமா இருக்கும்: ஸ்லைடைக் குறைங்க, கதை சொல்லுங்க. நல்ல அறிவுரைதான். ஆனா கதை சொல்லியே ஒரு ஊரை, ஒரு தலைமுறையைக் கூட்டிச் சேர்த்த ஒருத்தர் நம்ம பக்கத்துலயே இருந்தார். அவர் கையில பதவி இல்ல, பட்டம் இல்ல. கடைசி வரைக்கும் தன்னைத் தலைவர்னு சொல்லிக்கிட்டதும் இல்ல. இன்னைக்கு எபிசோட் கி. ராஜநாராயணனைப் பற்றி.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போனா இடைசெவல் வரும். சுற்றிலும் கரிசல் மண். மழை பெய்தா காலைக் கவ்விப் பிடிக்கும், கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். ஆற்றுப் பாசனம் கிடையாது. பருத்தி, கம்பு, சோளம், எல்லாமே வானத்தை நம்பித்தான். மழைக்காகக் காத்திருக்கிற நாட்கள் அதிகம். காத்திருக்கிறவங்க என்ன செய்வாங்க? பேசுவாங்க. கதை அங்கே பொழுதுபோக்கு மட்டும் இல்ல, ஊர் தன் நினைவைச் சேர்த்து வைக்கிற குதிரும் அதுதான்.

கி.ரா. பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரைக்கும். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதா அவரே கிண்டலா சொல்லுவார். அதுக்கப்புறம் விவசாயம், சங்கீதம், அரசியல். 1947 முதல் 1951 வரை கம்யூனிஸ்ட் கட்சி நடத்தின விவசாயிகள் போராட்டங்கள்ல இறங்கி இரண்டு தடவை சிறைக்குப் போனார். நெல்லைச் சதி வழக்கிலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. அதாவது கூட்டம், கோஷம், துண்டறிக்கைன்னு தலைமையோட வழக்கமான கருவிகள் எல்லாம் அவருக்கு நல்லாவே தெரியும். முப்பது வயசு தாண்டித்தான் எழுத வந்தார்.

எழுத வந்ததும் என்ன செய்தார்னு பார்க்கணும். 'கதவு'ன்னு ஒரு சிறுகதை. ஏழை வீட்டுப் பிள்ளைங்க வாசல் கதவுல தொத்திக்கிட்டு, அதையே பஸ்ஸா வெச்சு ஆடுறாங்க. அப்பா மணிமுத்தாறு பக்கம் கூலி வேலைக்குப் போயிட்டார், பணம் வரல. தீர்வை பாக்கின்னு சொல்லித் தலையாரி வந்து அந்தக் கதவையே கழற்றி எடுத்துக்கிட்டுப் போயிடுறார். குளிர்காலம். வாடைக்காற்று உள்ளே வருது. கைக்குழந்தை செத்துப்போகுது. கடைசியில சாவடிக்குப் பக்கத்துல கிடக்கிற அந்தக் கதவைப் பிள்ளைங்க கண்டுபிடிச்சு ஓடிப்போய்க் கட்டிக்கிறாங்க.

வரிக்கொடுமைன்னு மேடையில ஒரு மணிநேரம் பேசலாம். அவரும் அப்படிப்பட்ட கூட்டங்களைப் பார்த்தவர்தான். இந்தக் கதையில அந்த வார்த்தையே தேவைப்படல, கோபப்படுங்கன்னு யாரும் நம்மகிட்ட சொல்லவும் இல்ல. டிரெய்னிங் கிளாஸ்ல கதையை ஒரு மாத்திரை மாதிரி கொடுக்கிறாங்க: மேல இனிப்பு, உள்ளே மெசேஜ். கி.ரா. கதையில அப்படிப் பிரிச்செடுக்க உள்ளே தனியா ஒண்ணும் இருக்காது. என் பார்வையில அவரோட பலமே அதுதான்.

இன்னொண்ணு, அவர் எழுதின பாஷை. எழுத்துன்னா இலக்கணத் தமிழ்தான்னு இருந்த காலத்துல, ஊர்ல எப்படிப் பேசினாங்களோ அப்படியே எழுதினார். இது எழுத்து நடை பற்றிய விஷயமா மட்டும் நிற்கல. "உன் வாயில வர்ற தமிழும் தமிழ்தான்"னு யாராவது சொல்லிட்டா, அதுவரைக்கும் வாய்மூடி இருந்தவங்க பேசத் தொடங்குவாங்க. 1982ல வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டு வந்தார். ஊர் ஊரா நண்பர்களைச் சேர்த்துக்கிட்டுச் செய்த வேலை. 1984ல கரிசல் எழுத்தாளர்களோட கதைகளைத் தொகுத்து 'கரிசல் கதைகள்' வெளியிட்டார். தன் புத்தகத்தை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கலாம். அவர் மற்றவங்களைக் கூட்டிக்கிட்டு வந்தார்.

இப்போ கொஞ்சம் சங்கடமான கேள்வி. கதை சொல்றவர் எங்கே உட்கார்ந்து சொல்றார்? கி.ரா. நிலம் வெச்சிருந்த விவசாயக் குடும்பம். 1976ல வந்த 'கோபல்ல கிராமம்' தெற்கே குடியேறி, காட்டைத் திருத்தி ஊராக்கின தெலுங்கு பேசும் மக்களோட கதை. அற்புதமான நாவல். ஆனா அந்த வயல்ல கூலிக்கு இறங்கினவங்க சொன்னா கதை வேற மாதிரி இருக்கும். அந்தக் கதையும் அதே மண்ணிலிருந்து வந்துச்சு. பூமணி 1979ல 'பிறகு' எழுதினார், 1982ல 'வெக்கை' எழுதினார். நீங்க 'அசுரன்' படம் பார்த்திருந்தா 'வெக்கை'யைத்தான் பார்த்திருக்கீங்க. உருளைக்குடியிலிருந்து சோ. தர்மன் வந்தார். கி.ரா.வுக்கு 1991ல, பூமணிக்கு 2014ல, தர்மனுக்கு 2019ல சாகித்ய அகாடமி விருது. கி.ரா. திறந்த வழியில வந்தவங்க அவர் சொன்ன கதையையே திருப்பிச் சொல்லல. அவர் பார்க்காத பக்கத்தைச் சொன்னாங்க. தன் பின்னாடி வர்றவங்க தன்னை மாதிரியே பேசணும்னு நினைக்கிற மேனேஜர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1989ல புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறவியலுக்கு வருகைதரு பேராசிரியரா அழைச்சுது. எட்டாம் வகுப்பு படிச்ச பேராசிரியர்! அங்கேயும் அவரோட வேலை கதை கேட்கிறதுதான். சபையில சொல்லக் கூச்சப்படுற பாலியல் கதைகளையும் ஒதுக்காம சேர்த்தார். அதுக்கு முகம் சுளிச்சவங்களும் உண்டு. மக்கள் சொல்ற கதையில நமக்குப் பிடிச்சதை மட்டும் பொறுக்கினா அது கேட்கிறதே இல்ல.

2021 மே 17ஆம் தேதி புதுச்சேரியில இறந்தார். கொரோனா இரண்டாவது அலை உச்சத்துல இருந்த நேரம். உடலை இடைசெவலுக்கே கொண்டு வந்து, அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடந்துச்சு. இப்போ கோவில்பட்டியில அவருக்குச் சிலையும் நினைவரங்கமும் இருக்கு. அந்தப் பக்கம் போனா பாருங்க. பார்த்துட்டு அப்படியே இடைசெவல் வரைக்கும் போய், ஒரு டீ சொல்லிட்டு, பக்கத்துல இருக்கிற பெரியவர்கிட்ட இந்த வருஷம் மழை எப்படின்னு மட்டும் கேளுங்க. பஸ்ஸைத் தவற விட்டா நான் பொறுப்பில்ல.