இருமல் மருந்து குடித்தாலும் தடையா? கோமதி மாரிமுத்து முதல் பிரித்வி ஷா வரை... ஊக்கமருந்து விதிகள் சொல்வது என்ன?

2019 ஏப்ரல் 22. கத்தார் தலைநகர் தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி. பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் கடைசி நேரத்தில் பாய்ந்து வந்து தங்கம் வென்றார் திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து. நேரம் 2 நிமிடம் 2.70 விநாடி. அன்று ராத்திரியே தமிழ்நாட்டில் எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அவர் படம்தான். பாராட்டு, பரிசுத் தொகை, கட்சித் தலைவர்களின் வாழ்த்து என்று குவிந்தன.

அடுத்த மாதமே ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார் என்ற செய்தி வந்தது. 2020 ஜூனில் தீர்ப்பு வெளியானது. உடலில் தசை வளர்ச்சிக்கான ஸ்டீராய்டு வகை மருந்தான நாண்ட்ரோலோனின் தடயம் இருந்ததாகச் சொல்லி, சர்வதேச தடகளத்தின் நேர்மைப் பிரிவு 4 ஆண்டு தடை விதித்தது. 2019 மார்ச் 18 முதல் மே 17 வரை அவர் ஓடிய எல்லா ஓட்டங்களின் முடிவும் ரத்து. தோஹா தங்கம் இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை வாங் சுன்யூவுக்குப் போனது. தெரிந்து எந்த மருந்தும் எடுக்கவில்லை என்று கோமதி மறுத்தார். பி மாதிரியிலும் அதே முடிவுதான் வந்தது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் அந்த மார்ச் 18. அது பாட்டியாலாவில் ஃபெடரேஷன் கோப்பை நடந்த சமயம். அங்கே எடுத்த மாதிரியின் முடிவு கைக்கு வரும் முன்பே அவர் தோஹாவுக்கு விமானம் ஏறிவிட்டார். முடிவு முன்பே தெரிந்திருந்தால் அவரை அனுப்பியே இருக்க மாட்டோம் என்றது இந்திய தடகள சம்மேளனம். அப்படி நடந்திருந்தால் தடை அப்போதும் வந்திருக்கும். ஆனால் ஊரே கொண்டாடிய பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வந்திருக்காது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2006-ல் இதே தோஹாவில், இதே 800 மீட்டரில், ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்று பதக்கத்தை இழந்தவர் புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன். அது ஊக்கமருந்து வழக்கே அல்ல. பாலினப் பரிசோதனை என்ற பெயரில் நடந்தது. அவர் எந்த மருந்தும் எடுத்ததாக யாரும் குற்றம் சாட்டவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சாந்திக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

உடம்புக்குள் இருந்தால் நீங்கள்தான் பொறுப்பு

உலக அளவில் விதிகளை வகுப்பது 1999-ல் தொடங்கிய உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை. சுருக்கமாக ‘வாடா’. (சிரிக்க வேண்டாம், பெயரே அப்படித்தான்.) இந்தியாவில் அதைச் செயல்படுத்துவது 2005-ல் உருவான ‘நாடா’. 2022-ல் இதற்குத் தனிச் சட்டமும் வந்தது.

இந்த விதிகளின் அச்சாணி ஒன்றுதான். மருந்து எப்படி உள்ளே போனது, யார் கொடுத்தது, தெரிந்து எடுத்தீர்களா என்பதெல்லாம் அப்புறம். மாதிரியில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் அதுவே விதிமீறல். கோர்ட்டில் குற்றத்தை போலீஸ் நிரூபிக்க வேண்டும். இங்கே தவறு தன்மேல் இல்லை என்பதை வீரர்தான் நிரூபிக்க வேண்டும். அதை நிரூபித்தால் தண்டனை குறையலாம். அந்தப் போட்டியின் முடிவு மட்டும் ரத்தாகிவிடும்.

கடுமையாகத் தெரிகிறது இல்லையா? கடுமைதான். ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்ற ஒரு வார்த்தை போதும் என்றால், அதைச் சொல்லாதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

மெடிக்கல் ஷாப் பாட்டிலில் இருக்கும் ஆபத்து

ஊக்கமருந்து என்றதும் நமக்கு ஊசியும் ஜிம்மும்தான் ஞாபகம் வரும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கத்தை இழந்த பென் ஜான்சன் கதை அந்த வகை. சிக்குகிற எல்லோரும் அப்படி இல்லை.

கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா 2019 பிப்ரவரியில் சையது முஷ்டாக் அலி கோப்பை போட்டியின்போது மாதிரி கொடுத்தார். அதில் டெர்பியூட்டலின் இருந்தது. இருமலுக்கு சிரப் குடித்தேன் என்றார். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்ட பிசிசிஐ, அப்படியும் 8 மாதத் தடை விதித்தது. 2018-ல் யூசுஃப் பதான் 5 மாதத் தடை வாங்கியதும் இதே பொருளால்தான்.

இலங்கை வீரர் உபுல் தரங்கா 2011 உலகக் கோப்பையின்போது தோள்பட்டைக் காயத்துக்கு மூலிகை மருந்து எடுத்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. 3 மாதத் தடை. ‘நாட்டு மருந்துதானே, ஒன்றும் பண்ணாது’ என்று சொல்கிற நம் வீடுகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஷேன் வார்னே இன்னும் பாவம். உடம்பு இளைக்க அம்மா கொடுத்த மாத்திரை என்றார். அது சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் ரகம். 2003 உலகக் கோப்பை போச்சு, ஓராண்டுத் தடை.

சிறுநீர் போக வைக்கும் மாத்திரைக்கு ஏன் தடை? இரண்டு காரணம். வேறு மருந்தின் தடயத்தைக் கரைத்து மறைக்கலாம். குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல் போன்ற எடைப் பிரிவு ஆட்டங்களில் ஒரே நாளில் எடையைக் குறைத்துக் கீழ்ப் பிரிவில் இறங்கலாம். ரத்த அழுத்தத்துக்காக நம் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகள் சிலவற்றிலும் இந்த ரகம் உண்டு.

ஒரே மாத்திரை, ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு விதி

ஸ்டீராய்டு, ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டும் ஈபிஓ போன்றவை எல்லா ஆட்டத்துக்கும், எல்லா நாளும் தடை. சில பொருள்களுக்குப் போட்டி நேரத்தில் மட்டும் தடை. அந்தப் ‘போட்டி நேரம்’ முந்தைய நாள் இரவு 11.59 மணிக்கே தொடங்கிவிடும். இன்னும் சில பொருள்கள் குறிப்பிட்ட ஆட்டங்களுக்கு மட்டும் தடை.

கடைசி வகையைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போகலாம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். முத்துக்குளிப்புக்குப் பேர் போன கரை. அன்றைக்கு முத்துக் குளித்தவர்களிடம் ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. காலில் கல், இடுப்பில் கயிறு, அடக்கிய மூச்சு, அவ்வளவுதான். தண்ணீருக்கு அடியில் பதறினால் இதயம் வேகமாகத் துடிக்கும், இருக்கிற ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். நிதானமாக இருப்பவரே கூடுதல் நேரம் கீழே இருக்க முடியும்.

அந்த நிதானத்தை ஒரு மாத்திரை கொடுத்தால்? பீட்டா பிளாக்கர் என்ற மருந்து வகை அதைத்தான் செய்கிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தை அடக்கும். ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி போன்றவற்றுக்கு டாக்டர்கள் சாதாரணமாக எழுதிக் கொடுப்பதுதான். 800 மீட்டர் ஓடுபவருக்கு இதனால் லாபம் இல்லை, நஷ்டம்தான். அதனால் தடகளத்தில் தடை இல்லை. ஆனால் மூச்சடக்கி மூழ்கும் போட்டிகளில் தடை. கோல்ஃப், பில்லியர்ட்ஸ், டார்ட்ஸில் தடை. வில்வித்தை, துப்பாக்கி சுடுதலில் பயிற்சிக் காலத்திலும் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரிய துப்பாக்கி வீரர் கிம் ஜோங் சு இந்த வகை மாத்திரையால்தான் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் என இரண்டு பதக்கங்களை இழந்தார்.

(முத்துக்குளிப்பு தமிழகக் கடலில் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது; இது போட்டியாளர்களுக்கு மட்டும்.)

செஸ்ஸுக்கும் சோதனை உண்டு. 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாட்டில் தோற்ற கோபத்தில் மாதிரி கொடுக்காமல் போய்விட்டார் உக்ரைனின் இவான்சுக். பெரிய சர்ச்சையாகி, பிறகு தண்டனை இல்லாமல் முடிந்தது. நம்ம ஊர் செஸ் பிள்ளைகள் பயப்பட வேண்டாம்: காபிக்கு 2004 முதல் தடை இல்லை.

சோதனை எப்படி நடக்கிறது?

வீரர் பாலினத்தைச் சேர்ந்த ஒரு அதிகாரி நேரில் பார்க்க, சிறுநீர் கொடுக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி. சங்கடமான விஷயம்தான், ஆனால் வேறு வழியில்லை. மாதிரியை ஏ, பி என இரண்டு பாட்டில்களாகப் பிரித்து சீல் வைப்பார்கள். ஏ-யில் சிக்கினால் பி-யைத் திறந்து பார்க்கச் சொல்லும் உரிமை வீரருக்கு உண்டு. மாதிரிகளை 10 ஆண்டு வரை வைத்திருந்து மறுபடியும் சோதிக்கலாம்.

முன்னணி வீரர்கள் தினமும் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால், எந்த மருந்தும் எடுக்காமலே தடை வரும். நம் கிரிக்கெட் நட்சத்திரங்கள் ரொம்ப நாள் முரண்டு பிடித்தது இதற்குத்தான். 2019 ஆகஸ்ட்டில்தான் பிசிசிஐ, நாடாவின் கீழ் வர சம்மதித்தது. அதே மாதம் டெல்லி தேசிய சோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தை வாடா நிறுத்தி வைத்தது. 2021 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது.

ஸ்டீராய்டு போன்றவற்றுக்கு முதல் முறை பொதுவாக 4 ஆண்டு. திருச்சி ஓட்ட வீராங்கனை தனலட்சுமி 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கு முன் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கி 3 ஆண்டுத் தடை பெற்றார். குற்றச்சாட்டு வந்ததுமே ஒப்புக்கொண்டால் இப்படி ஓராண்டு குறையும். 20 வயதுகளில் இருக்கும் ஓட்ட வீராங்கனைக்கு 3 ஆண்டு என்பது பாதி விளையாட்டு வாழ்க்கை.

ஊர்ப் பிள்ளைகள் என்ன செய்யணும்?

‘நான் மாவட்ட லெவல்தான், என்னை யார் சோதிக்கப் போறா?’ என்று நினைக்க வேண்டாம். கேலோ இந்தியா இளையோர் போட்டிகளிலேயே சோதனை நடக்கிறது. 2023-ல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 214 சிக்கின. அதாவது 3.8 சதவீதம். அதிகம் சோதிக்கும் நாடுகளில் நாம்தான் மோசம். ஒரு பதக்கம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை, போலீஸ் வேலை என்று இருக்கும் ஊரில், ‘இதை ரெண்டு மாசம் போட்டுக்கோ’ என்று நீட்டப்படும் டப்பாவுக்கு இல்லை என்று சொல்வது லேசு இல்லை. ஆனால் மாட்டினால் தடை அந்தப் பிள்ளையின் பெயரில்தான் வரும். மருந்தைக் கொடுத்த கோச்சுக்கும் தடை உண்டு, ஆயுள் தடை வரை. அவர் கொடுத்தார் என்று நிரூபணமாக வேண்டும், அதுதான் சிக்கல்.

டாக்டரிடம் போனால் முதலில் ‘நான் போட்டியில் ஆடுகிறேன்’ என்று சொல்லுங்கள். இருமல் சிரப் வாங்கினால் லேபிளில் டெர்பியூட்டலின், சால்பியூட்டமால் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சிரப்புகளில் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் சால்பியூட்டமாலை இன்ஹேலரில் குறிப்பிட்ட அளவுக்குள் எடுக்கலாம், சிரப்பாகவோ மாத்திரையாகவோ கூடாது. புரோட்டீன் பவுடர் டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், எழுதாததும் உள்ளே இருக்கலாம்.

ஒரு மருந்து தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ ஆப் இருக்கிறது. கட்டாயம் எடுத்தே ஆக வேண்டிய மருந்து என்றால், டாக்டர் சீட்டோடு மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பு கொடுத்துவிடுங்கள். அவசர ஆபரேஷன் போன்ற சூழ்நிலையில் சிகிச்சை முடிந்த பிறகும் விண்ணப்பிக்க வழி உண்டு. அதற்காகவே எல்லா மருந்துச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரமாக வைத்திருங்கள்.