புதைக்குமுன் ஒரு வரி எழுதுங்கள்



ரமழான் நெருங்கும்போது பள்ளிவாசலையும் வீட்டையும் துப்புரவாக்குவோம். அலுமாரியில் கிடக்கும் கிழிந்த கிதாபுகளை, அல்லாஹ்வின் பெயர் மிதிபடக் கூடாது என்ற பேணுதலில், மண்ணில் புதைப்போம் அல்லது கடலில் விடுவோம். நிய்யத் நல்லதுதான். ஆனால் எதைப் புதைத்தோம் என்று யாராவது எழுதி வைத்தோமா?

எழுதி வைப்பதன் பெறுமதியை ஆங்கிலேயர் ஆட்சியின் ஒரு சட்டம் காட்டுகிறது. 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, இலங்கையில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் அரசாங்கத்திடம் கொடுத்துப் பதிய வேண்டும். பதிந்த நூல்களின் பட்டியல் காலாண்டுதோறும் வர்த்தமானியில் வெளிவந்தது. கொழும்பு நூதனசாலை நூலகத்துக்கும் பிரதிகள் சேர்ந்தன. ஒரு நூலின் கடைசிப் பிரதியும் அழிந்து போனாலும், அப்படி ஒரு நூல் இருந்தது என்பதற்கு அந்தப் பட்டியலின் ஒரு வரி சாட்சியாக நிற்கும்.

அதே 1885இல்தான் அறிஞர் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் அது. ஆனால் அசன்பே, அஸன்பே, ஹசன்பே என்று எழுத்து மாறினால் தேடுபவர் கைக்கு அகப்படாது. ஆசிரியர் பெயரும் சித்திலெப்பை, சித்தி லெவ்வை என்று மாறும். எல்லா வடிவங்களையும் ஒரே பெயரின் கீழ் இணைத்து வைப்பது பட்டியல் செய்பவரின் வேலை.

அரசாங்க வெளியீடுகளிலும் இதே சிக்கல் உண்டு. 1802இல் தொடங்கிய வர்த்தமானி, 1871 முதலான குடிசன மதிப்பீடுகள், அரசாங்க அதிபர்களின் நிர்வாக அறிக்கைகள் இவற்றிலெல்லாம் நம் ஊர்களின் காணி, குளம், பாடசாலை பற்றிய செய்திகள் உள்ளன. இவற்றுக்குத் தனி ஆசிரியர் இல்லை. நாட்டின் பெயர், அதன் கீழ் திணைக்களத்தின் பெயர் என்றே ஆங்கிலப் பட்டியலில் வரும். 1972க்கு முந்தியதைச் ‘சிலோன்’ என்ற தலைப்பில் தேட வேண்டும். திணைக்களங்களின் பெயர்களும் காலத்துக்குக் காலம் மாறியவை. இது தெரியாமல் போய், “ஒன்றும் இல்லை” என்று திரும்பி வருபவர்கள் பலர்.

அரபுத் தமிழ் கிதாபுகளின் நிலைமை இன்னும் மோசம். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘மகானி’ போன்றவை தமிழ் மொழியில், அரபு எழுத்தில் அமைந்தவை. எழுத்தை மட்டும் பார்ப்பவர் அரபு நூல் என்று போட்டுவிடுவார். அதன் பிறகு தமிழ் நூல் தேடுபவர் கண்ணில் அது படவே படாது.

பேராசிரியர் எம்.எம். உவைஸ் அவர்கள் வாழ்நாள் முழுவதும் முஸ்லிம்களின் தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்தார். அவர் போன்றவர்களின் உழைப்பால்தான் “எங்களுக்கும் இலக்கியம் உண்டு” என்று ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது. ஆனால் அதற்குள் எவ்வளவு இழந்துவிட்டோம்! 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 97,000 அளவிலான நூல்கள் போயின. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டபோது கிதாபு அலுமாரியை யாரால் தூக்கி வர முடிந்திருக்கும்? 2004இல் கிழக்கின் கரையோர வீடுகளைக் கடல் கொண்டு போனது. அந்த வீடுகளில் என்னென்ன நூல்கள் இருந்தன என்று சொல்ல நம்மிடம் ஒரு பட்டியலும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த முறை துப்புரவாக்கும்போது ஒரு கொப்பியை எடுங்கள். நூலின் பெயர், எழுதியவர், மொழி, எழுத்து, அச்சகம், ஊர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, இப்போது யாரிடம் உள்ளது என்று எழுதுங்கள். ஹிஜ்ரி ஆண்டு இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தம்மாமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து இந்த வேலையைச் செய்யுங்கள்.

அதன் பிறகும் புதைக்க வேண்டும் என்றால், ஆலிம்களிடம் கேட்டுப் புதையுங்கள். அந்த ஒரு வரியாவது நம் பிள்ளைகளுக்கு மிஞ்சட்டும்.