கை படாத பிம்பம்

தைப்பிங் ஏரிப்பூங்காவில் அன்று காற்றே இல்லை. ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை விடியற்காலையில்தான் விட்டிருந்தது. மாமா முக்காலியை ஊன்றி, அதன்மேல் தன் பழைய மரக் கேமராவை ஏற்றினார். ஸ்டூடியோவை மூடிப் பல வருஷம் ஆகியும் அதை மட்டும் அவர் விற்கவில்லை. கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்து, "உள்ள தலைய விட்டுப் பாரு" என்றார்.

கேமராவின் பின்புறம் மங்கலான ஒரு கண்ணாடி. அதில் கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் தலைகீழாகத் தொங்கின. ஏரி மேலே போயிருந்தது, வானம் கீழே இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தண்ணீருக்குள் விழுந்திருந்த மரங்கள் மட்டும் நேராக நின்றன.

"எது நெச மரம், சொல்லு பாப்போம்?"

லென்ஸ் எதையும் கவிழ்த்துத்தான் காட்டும். தண்ணீர் ஏற்கெனவே கவிழ்த்துவிட்டதை லென்ஸ் இன்னொரு முறை கவிழ்த்தால் அது நிமிர்ந்துவிடும். விஷயம் இவ்வளவுதான். ஆனாலும் துணிக்குள் இருந்தபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த ஏரியே ஒரு ஈய லம்பம்தான். ஈயத்துக்காகத் தோண்டிவிட்டுக் கைவிட்ட பள்ளங்களை 1880இல் பூங்காவாக மாற்றினார்கள். லாருட் வட்டாரச் சுரங்கங்களில் மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளிகள். இன்று நாம் அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரின் முன் நின்று மரத்தைப் படம் எடுக்கிறோம். வெட்டிய கை எந்தப் படத்திலும் விழுவதில்லை.

தண்ணீரை விட்டு இந்தக் கையைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது ஒரு பழைய பயண நூலில் வரும் ஒரு வரி.

ஜான் தாம்சன் 1837இல் எடின்பரோவில் பிறந்தவர். 1862இல், அண்ணன் வில்லியம் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். பிறகு பினாங்கிலும் அதற்கு எதிர்க்கரையிலுள்ள வெல்லெஸ்லி மாகாணத்திலும் சுமார் பத்து மாதம் தங்கிப் படம் எடுத்தார். சயாம் மன்னர் மோங்குட், 1866இல் அங்கோர் வாட், அதன்பின் சீனா என்று அவர் புகழ் வளர்ந்தது இதற்கெல்லாம் அப்புறம்தான். தன் அனுபவங்களை 1875இல் 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் ஆஃப் மலாக்கா, இந்தோ-சைனா அண்ட் சைனா' என்ற நூலாக வெளியிட்டார்.

அந்த நூலின் பினாங்குப் பகுதியில், மதராஸிலிருந்து வந்த இரண்டு பேரைத் தனக்கு அச்செடுப்பவர்களாகவும் உதவியாளர்களாகவும் பழக்கிக்கொண்டதாகச் சொல்கிறார். அவர்களைக் குறிக்க 'கிளிங்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்கிறார். மனிதக் கை படாமலே உருவத்தை எடுக்கும் இந்தப் பேய்வேலைக்குச் சீனர்கள் வர மறுத்துவிட்டார்களாம். அதனால்தான் இவர்கள்.

இந்த வரியில் எனக்கு இரண்டு இடங்களில் முள் குத்துகிறது. முதலாவது 'கிளிங்'. பள்ளிக்கூடத்தில் நம்மில் பலர் அந்த வார்த்தையைக் கேட்டுத் தலை குனிந்திருக்கிறோம், இல்லையென்றால் சண்டைக்குப் போயிருக்கிறோம். அதே வார்த்தை பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் கௌரவமாக நிற்கிறது. தாம்சனின் வரியில் அது வசவும் இல்லை, கௌரவமும் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது முள் 'மனிதக் கை படாமல்' என்பது.

அன்றைக்கு நடைமுறையில் இருந்தது 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிவித்த ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமாக ஊற்ற வேண்டும். இருட்டுக் கூடாரத்துக்குள் அதை வெள்ளி நைட்ரேட்டில் முக்க வேண்டும். தட்டு காய்வதற்குள் கேமராவில் சொருகிப் படம் எடுத்து, உடனே கூடாரத்துக்கு ஓடிக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் சில நிமிஷங்களில் முடித்தாக வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக் கரைசலுக்கு உப்புத் தண்ணீரோ அழுக்குத் தண்ணீரோ ஆகாது. மழைத்தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். அதைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

அச்செடுப்பது அடுத்த வேலை. முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தை வெள்ளிக் கரைசலில் நனைத்து, கண்ணாடித் தட்டோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் காய வைப்பார்கள். படம் மெல்லக் கறுத்து வரும். அதற்குத் தங்க உப்பில் நிறமேற்றி, ரசாயனம் போகும்வரை மணிக்கணக்கில் தண்ணீரில் அலச வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்ட தோல் கறுத்துப்போகும். தேய்த்தாலும் லேசில் போகாது. அந்தக் காலத்துப் படக்காரர்களை விரலைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

கை படாத வேலையா இது?

பழைய நீரிணைக் குடியேற்றப் படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பேன். கடலும் ஆறும் பால் போல, அலையே இல்லாமல் கிடக்கும். அன்றைக்கு நம் ஊர் ரொம்ப அமைதியாக இருந்தது என்று யாருக்கும் தோன்றும். உண்மை வேறு. லென்ஸ் பல வினாடிகள் திறந்தே இருந்ததால் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அழிந்துபோயின. அசையாமல் நின்ற கட்டடம் தண்ணீரிலும் தெரிகிறது. துடுப்புப் போட்டுக் கடந்துபோன படகுக்காரன் ஒரு புகைமூட்டம் ஆகிவிடுகிறான், அல்லது காணாமலே போகிறான். ஈரத்தட்டுக்கு நீல ஒளிதான் நன்றாக உறைக்கும் என்பதால் வானம் வெளுத்துவிடும், அதை வாங்கிய தண்ணீரும் கூடவே வெளுத்துவிடும். நாம் அமைதி என்று நினைப்பதில் பாதி, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அழிந்துபோனதன் தடம்.

தமிழில் 'நிழல்' என்றால் மரத்தடி நிழலும்தான், தண்ணீரில் தெரியும் பிம்பமும்தான். 'நிழற்படம்' என்ற சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன. தண்ணீரில் விழும் நிழலுக்கு யாருடைய கையும் தேவையில்லை. காகிதத்தில் விழும் நிழலுக்குத் தேவை. தாம்சனின் காலத்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினார்கள். ஒளி தானாகவே வரைகிறது, இயற்கை தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது என்பது அன்றைய ஐரோப்பாவுக்குப் பிடித்த எண்ணம். அந்த எண்ணம் நிற்கவேண்டும் என்றால் உதவியாளனின் கை மறைந்தாக வேண்டும். பினாங்கில் படம் எடுக்க மறுத்த சீனர்களும் படம் எடுத்த வெள்ளைக்காரரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம்தான் நின்றார்கள் என்பது வேடிக்கை.

நம் வரலாற்றை எழுதும்போது பழைய படங்களில் நம் முகத்தைத் தேடுகிறோம். தோட்டத்தில் பால் மரத்தின் பக்கத்தில் நிற்கும் பெண், ரயில் பாதையில் கூடை சுமப்பவர், கேமராவைப் பார்த்து மிரண்டுபோன முகம். தேட வேண்டியதுதான். ஆனால் அந்த மதராஸ்காரர்கள் இரண்டு பேரும் லென்ஸுக்கு முன்னால் இல்லை. பினாங்கின் வெயிலிலும் தண்ணீரிலும் அந்தப் படங்களை வரவைத்தவர்கள் அவர்கள். படத்தில் இருப்பவர்களை மட்டுமே எண்ணினால் இவர்களை எண்ணாமல் விட்டுவிடுவோம்.

ஏரியில் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. "தண்ணிக்குள்ள இருக்கிற மரம் எப்பவும் ஒரு சுத்து இருட்டாத்தான் இருக்கும்" என்றார் மாமா. "வாங்கினத முழுசா திருப்பித் தராது அது." சொல்லிக்கொண்டே கைகளை முக்காலியின் மேல் ஊன்றினார். நகங்களின் ஓரத்தில் அந்தப் பழுப்பு. சின்ன வயதில் அது சிகரெட் கறை என்று நினைத்திருந்தேன். நாற்பது வருஷம் டெவலப்பரில் ஊறிய விரல்கள் அவை.

நான் கைப்பேசியை எடுத்து அந்தக் கைகளின் பக்கம் திருப்பினேன். அவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏன்டா, கையப் போயி எடுக்கிற? ஏரி எவ்ளோ அழகா இருக்கு, அத எடு."

"ஏரி அப்பறம் மாமா. கைய அப்பிடியே வைங்க."