எண்ணூர் உப்பளங்கள்

சென்னை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து 'சால்ட் கோட்டர்ஸ்' என்று ரயில்வே துறைக்கு உரிய இடம் ஒன்று உண்டு. அப்பெயரை முற்றும் ஆங்கிலம் என்றே பலர் கருதுகின்றனர். அதன் பிற்பாதி நம் 'கொட்டாரம்' என்னும் சொல்லே. களஞ்சியம் என்பது பொருள். சென்னைப் பட்டணத்தின் உப்பு குவிந்து கிடந்த இடம் அது. அந்த உப்பில் ஒரு பகுதி விளைந்த நிலம் எண்ணூர்க் கழியை ஒட்டிய அத்திப்பட்டு, வல்லூர் முதலிய ஊர்களின் உப்பளங்கள்.

உப்புக்கும் நெல்லுக்கும் பண்டமாற்று நடந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்ற உமணரைச் சங்கப் பாடல்கள் பல பேசுகின்றன. வந்தவாசி, ஆரணிப் பக்கத்தில் நெல் விளைவித்த நம் முன்னோர் வீடுகளுக்கும் உப்பு கடலோரத்திலிருந்தே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

உப்பளத் தொழிலாளி பள்ளியில் வேதியியல் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் செய்வது கலவையைப் பிரிக்கும் வேலையே. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். கரைந்த பொருளின் துகள்கள் மிக நுண்ணியவை. ஆகவே எத்துணை நெருக்கமான துணியில் வடித்தாலும் அவை நீரோடு போய்விடும். வெயில் ஒன்றுதான் வழி. பாத்திகளில் பாய்ச்சிய நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்குகிறது. பத்தில் ஒரு பங்காகும்போது உப்பு பூக்கிறது. இவ்விரண்டும் ஒரே பாத்தியில் படியாதவாறு நீரை அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுவதிலேயே தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது. இறுதியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு மிகுதி. அதைக் காலத்தில் வெளியேற்றாவிட்டால் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்து நிற்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவர்.

1805ஆம் ஆண்டு சென்னை அரசு உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு கோக்ரேன் என்பார் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாயே பின்னர் தெற்கிலும் வடக்கிலும் நீண்டு, 1878இல் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் அதில் படகேறி வந்தன.

ஏகபோகத்தின் கொடுமை ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. உவர் மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பெடுப்பது ஏழைகளின் பழைய வழக்கம். கரைத்தல், வடிகட்டல், ஆவியாக்கல் என்று இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்து மதிப்பெண் பெறும் சோதனை அதுவே. அன்று அது குற்றம். அந்த மண்ணைச் சுரண்டி எடுப்பதுங்கூடத் தண்டனைக்கு உரியதாயிருந்தது. 1923இல் மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயாயிருந்த வரி இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு மிகவே மறு ஆண்டே குறைக்க நேர்ந்தது. 1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜி வேதாரண்யத்தில் அள்ளிய உப்புக்குப் பின்னால் இந்த நூற்றாண்டுக் கசப்பு இருந்தது. வரி முற்றும் நீங்கியது 1947இல்.

விடுதலைக்குப் பின் எண்ணூரின் நிலம் வேறு கைகளுக்கு மாறியது. 1970இல் அனல்மின் நிலையம், 2001இல் துறைமுகம் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை மறுப்பார் யார்? ஆனால் உப்பளங்கள் சுருங்கின. நிலக்கரிச் சாம்பலை நீரில் கலந்து குழாய்வழி அனுப்பும் முறை வந்தது. சாம்பல் நீரில் கரைவதன்று. தொங்கி நின்று மெல்லப் படிவது. குளத்தில் படிந்தால் ஒருவாறு நன்று. குழாய் கசிந்தபோதெல்லாம் அது கொசஸ்தலை ஆற்றில் படிந்து கழியைத் தூர்த்தது.

2017 ஜனவரி 28 விடியலில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. எண்ணெயும் நீரும் ஒட்டா என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் அலை இடைவிடாமல் அடிக்கும்போது எண்ணெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகள் சிக்கிப் பால்மமாகத் திரள்கின்றன. அளவும் பருக்கிறது, குழம்பும் இறுகுகிறது. எர்ணாவூர்க் கரையில் உறிஞ்சும் எந்திரங்கள் அக்குழம்பின்முன் திணறின. மீனவரும் மாணவரும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மீண்டும் கழிக்குள் புகுந்தது. இம்முறை அலையாத்திச் செடிகளின் வேரிலும் தண்டிலும் கரும்பூச்சாய் ஒட்டிக்கொண்டது.

அச்சேற்றில்தான் இருளர் பெண்கள் இன்றும் இறங்குகின்றனர். ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் தடவி இறால் பிடிப்பது அவர்கள் தொழில். சேறு எது, சாம்பல் எது, இறால் எது என்று அவர்கள் விரல்நுனிதான் பிரித்தறிகிறது.