பித்த உப்புகள் (ஆய்வக வினைபொருள்)

பித்த உப்புகள் என்பவை கல்லீரலில் கொலஸ்டிராலிலிருந்து உருவாகும் பித்த அமிலங்களின் உப்புகள் ஆகும். குடலில் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்துச் செரிமானத்திற்கு உதவுவது இவற்றின் இயல்பான பணி. பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் சோடியம் கோலேட்டு, சோடியம் டியாக்சிகோலேட்டு, சோடியம் டாரோகோலேட்டு ஆகியன ஆய்வகங்களில் வினைபொருள்களாகப் பயன்படுகின்றன.

செயற்படும் விதம்

பித்த உப்பு மூலக்கூற்றின் ஒரு முகம் நீரை ஈர்க்கும். மறுமுகம் கொழுப்புடன் சேரும். இதனால் செல் படலங்களைக் கரைக்க வல்லது. கிராம்-நேர் பாக்டீரியாக்களுள் பல இதன் முன்னிலையில் வளர்வதில்லை. வெளிப்படலம் கொண்ட கிராம்-எதிர் குடல் பாக்டீரியாக்களோ பித்தத்திலேயே வாழப் பழகியவை, எளிதில் தாக்குப்பிடிக்கும்.

நுண்ணுயிரியலில்

இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தி ஆல்ஃபிரட் மெக்கான்கி உருவாக்கிய ஊடகம் 1905-இல் விரிவாக வெளியிடப்பட்டது. இன்றைய மெக்கான்கி அகாரில் லிட்டருக்குச் சுமார் 1.5 கிராம் பித்த உப்பு உள்ளது. லாக்டோசை நொதிக்கச் செய்யும் ஈ. கோலை இதில் இளஞ்சிவப்புக் காலனிகளாகவும், சால்மோனெல்லா நிறமற்றும் தோன்றும். கிணறு, ஏரி நீரில் மலக்கலப்பு உண்டா என அறிய மெக்கான்கி திரவ ஊடகம் பயன்படுகிறது. 37 பாகை செல்சியசில் 48 மணி நேரத்திற்குள் அமிலமும் வாயுவும் உண்டானால் ஐயத்திற்கு இடமுண்டு. ஆயினும் இது முதற்கட்டச் சோதனையே. உறுதிச் சோதனையின்றி முடிவு கூறலாகாது.

காலரா ஆய்வில் தயோசல்பேட்டு-சிட்ரேட்டு-பித்த உப்பு-சுக்குரோசு அகார் இன்றியமையாதது. இதில் காலராக் கிருமி மஞ்சள் காலனிகளாக வளரும். அக்காலனியை 0.5% டியாக்சிகோலேட்டுக் கரைசலில் கலந்தால் செல்கள் உடைந்து டி.என்.ஏ வெளிப்படும், ஒரு நிமிடத்திற்குள் கம்பி வளையத்தைத் தூக்கினால் பாகுபோல் நூலிழை எழும். இதுவே நூலிழைச் சோதனை.

இவற்றின் எல்லையை 1992-இல் சென்னையில் (அப்போது மதராசு) தோன்றிய ஓ139 வகைக் காலரா காட்டியது. இவ்வகையும் இவ்வகாரில் மஞ்சளாகவே வளரும். ஆனால் வழக்கமான ஓ1 எதிர்ச்சீரத்துடன் திரளாது. பித்த உப்பு கிருமியைப் பிடித்துத் தரும், அதன் சீரவகையைச் சொல்லாது.

நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கசு பித்த உப்பில் கரைந்து, கலங்கிய நீர்மம் தெளிவடையும். 1900-இல் நியூஃபெல்டு கண்ட இப்பண்பு, வாயில் இயல்பாக வாழும் பிற ஸ்டிரெப்டோகாக்கசுகளிலிருந்து அதனைப் பிரித்தறிய இன்றும் உதவுகிறது.

உயிர்வேதியியலில்

படலப் புரதங்களை வடிவம் அதிகம் குலையாமல் வெளியேற்றக் கோலேட்டு உகந்தது. இதன் மைசெல்கள் சிறியவை. ஆதலால் கூழ்மப்பிரிப்பால் எளிதில் நீக்கலாம். டியாக்சிகோலேட்டு சற்று வலியது. அமிலக் கரைசலில் கூழாகி வீழ்படியும். இதன் நுண்தூள் மூச்சுக்குழலை உறுத்துமாதலால் நிறுக்கும்போது முகமூடி அணிதல் வேண்டும்.